முதல் கட்டத்தில் ரத்தம்

கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே இருந்த ஷெர்வினின் துணிப்பையைப் பார்க்காமல் இருக்கக் கிட்டு எவ்வளவோ முயன்றான். ஒரு சட்டை, ஒரு லுங்கி, ஒரு துண்டு, பிரிக்காத டூத்பிரஷ். ஐந்து மணிக்கு மாற்று உடையோடு ஸ்டேஷனுக்கு வந்துவிடும்படி சப்-இன்ஸ்பெக்டர் துளசிங்கம் ஷெர்வினிடம் போனில் சொல்லியிருந்தார். சொன்ன குரலில் கோபமே இல்லையாம். ஷெர்வின் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மணி இரண்டேகால். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டே அறைகள். அதுதான் ஷெர்வின் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளி காலையிலிருந்து போன் எடுக்கவில்லை. உடன் வேலை செய்யும் இரண்டு பேரும் சாப்பிடப் போனவர்கள் திரும்பவில்லை. ஒரு மனிதனைத் தனியே விட்டு எல்லோரும் நகர்ந்துகொள்ளும்போது அறைக்கு ஒரு வாசம் வந்துவிடும். கிட்டுவுக்கு அது தெரியும். மருந்துக் கம்பெனி ரெப்பாகப் பதினோரு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவன். வேலை போன அன்று அவன் நாற்காலியைச் சுற்றியும் இதே வாசம்தான் இருந்தது.

இப்போது அவன் பஷீராவின் உதவியாளன். பதினேழு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் வாட்ச் ரிப்பேர் கடை மாடியில் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறவர் பஷீரா. அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துக் கிட்டு பேசுவான்.

வழக்கு இதுதான். பத்து நாளைக்கு முன்னால், செம்பாக்கம் ஏரிக்கரையில் உள்ள டாக்டர் தட்சிணாமூர்த்தியின் நர்சிங் ஹோமுக்குச் சுவிசேஷமுத்து என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் காலில் புண்ணோடு நடந்தே போனார். டாக்டர் பெனிசிலின் ஊசி போட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் வாத்தியார் இறந்துபோனார். அப்பாவுக்குப் பெனிசிலின் ஆகாது என்று கவுன்ட்டரிலேயே சொன்னதாக அவர் மகள் சத்தியம் செய்கிறாள். கம்ப்யூட்டரிலோ 'அலர்ஜி: நில்', அதாவது எதுவும் இல்லை, என்று இருக்கிறது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த அருள்மேரி, என்ன டைப் செய்தேன் என்று ஞாபகமில்லை என்று போலீஸிடம் சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் காட்டியதை நம்பித்தான் ஊசி போட்டேன், சாஃப்ட்வேர்தான் அலர்ஜியை விழுங்கிவிட்டது என்றார் டாக்டர். அந்த சாஃப்ட்வேரை எழுதியவன் ஷெர்வின். பஷீராவைக் கூப்பிட்டதும் அவன்தான்.

"நாலாயிரம் தடவை டெஸ்ட் பண்ணிட்டேன் மேடம்," என்றான் ஷெர்வின். கண்கள் சிவந்திருந்தன. "நாலாயிரம் தடவையும் பெனிசிலின்னு குடுத்தா பெனிசிலின்னுதான் வருது."

போலீஸ் கேட்டதற்காக அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் நர்சிங் ஹோமுக்குப் போய் எல்லா நோயாளிகளின் ஃபைல்களையும் பென் டிரைவில் பிரதி எடுத்து வந்திருந்தான். டாக்டர் நின்று பேசக்கூட இல்லையாம். நாலு மணிக்கு ஒரு ஆபரேஷன் இருக்கிறது என்று அவசரப்படுத்தி அனுப்பிவிட்டாராம்.

வாத்தியாரின் ஃபைலைக் காட்டச் சொன்னார் பஷீரா. ஷெர்வின் தன் புரோகிராமைத் திறந்தான். அழகான கட்டங்களில் பெயரும் வயதும் வந்து நின்றன. பஷீரா தலையை ஆட்டினார். இந்தக் கட்டமெல்லாம் வேண்டாம், உள்ளே அது எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே காட்டு என்றார். ஷெர்வின் அதை நோட்பேடில் திறந்தான். திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வரி, கொக்கி கொக்கியாக அடைப்புக்குறிகள்.

"இது எக்ஸ்.எம்.எல். மேடம், விவரங்களை எழுதி வெக்கிற ஒரு முறை. 'பேஷன்ட்'ங்கிறது ஒரு எலிமென்ட். ஒரு டப்பான்னு வெச்சுக்கோங்க. டப்பா மேல ஒட்டுற சீட்டுங்கதான் அட்ரிபியூட். வயசு, அலர்ஜி, பிளட் குரூப், பேர் எல்லாம் சீட்டு. டப்பாவுக்குள்ள சின்னச் சின்ன டப்பா, என்ன மருந்து, எத்தனை மணிக்குன்னு."

"எங்க வூட்டு ஃப்ரிட்ஜும் அப்பிடித்தான் கீது," என்றான் கிட்டு. "சீட்டுல ரசம்னு எழுதிருப்பாங்க. தொறந்தா மைதாமாவு."

யாரும் சிரிக்கவில்லை. விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது. அது அடங்கும்வரை பஷீரா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு யாருடைய ஃபைலையாவது பக்கத்தில் திறக்கச் சொன்னார். திறந்ததும் திரையில் இரண்டு விரல்களை வைத்தார். ஒன்று இந்த வரியில், ஒன்று அந்த வரியில்.

"இதுல ஏஜ்தான் முதல் சீட்டு. வாத்தியார்ல பிளட் முதல் சீட்டு. ஏன்?"

"வரிசை முக்கியமில்ல மேடம். இதையெல்லாம் நான் கையால எழுதறதில்ல. ஒரு லைப்ரரி இருக்கு. சீட்டோட பேரும் அதுல என்ன வரணும்னும் குடுத்தா அதுவே எழுதிக்கும், அதுவே படிச்சுக்கும். எந்த வரிசையில இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான்."

"படிக்கறதுக்கு ஒண்ணுதான். எழுதறதுக்கு?"

ஷெர்வின் இரண்டு வரிகளையும் மறுபடி படித்தான்.

அவன் மெதுவாக விளக்கியதிலிருந்து கிட்டுவுக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஃபைலை எழுதும்போது அந்த லைப்ரரி சீட்டுகளை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கித்தான் எழுதும். ஏஜ், அலர்ஜி, பிளட், ஜென்டர், நேம், வார்டு. ஒருநாளும் மாறாது. படிக்கும்போதோ வரிசையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பத்து நாளாக ஷெர்வின் எல்லாவற்றையும் புரோகிராம் வழியாகவே பார்த்திருக்கிறான். அதன் கண்ணுக்கு அகப்படாதது அவன் கண்ணுக்கும் அகப்படவில்லை.

"அப்போ இந்த வரியை லைப்ரரி எழுதல," என்றார் பஷீரா. "ஒரு ஆள் எழுதியிருக்கான்."

அலர்ஜியை மட்டும் மாற்ற வேண்டியவன் முழு வரியையும் எதற்கு டைப் செய்யவேண்டும் என்று கிட்டு கேட்டான். அதற்கும் ஷெர்வினிடம் பதில் இருந்தது. பழக்கமில்லாதவன் ஒரு மேற்கோள் குறியை அழித்துவிட்டால் போதும், லைப்ரரி ஃபைலைத் திறக்கவே மறுத்துவிடும். நோட்பேடில் அழித்ததை மீட்க ஒரே ஒரு படிதான் பின்னால் போகலாம். கைதவறிக் கெடுத்தவனுக்குத் தெரிந்ததையெல்லாம் புதிதாக டைப் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

"என்னிக்கு மாத்தினாங்கன்னு ஃபைலோட தேதி சொல்லாதா?" என்றான் கிட்டு.

"அந்த நர்சிங் ஹோம் மெஷின்ல உள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சுண்ணா. ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் தேதி ரெண்டாயிரத்து ரெண்டு ஜனவரி ஒண்ணுக்குப் போயிடும். ஆறு வருஷம் பின்னாடி. மாத்திக் குடுங்கன்னு நானும் கேட்டுப் பார்த்துட்டேன்."

"கெடிகாரமும் செட்டப்பா," என்று முணுமுணுத்தான் கிட்டு.

அந்த வரியை வைத்துத் தப்பித்துவிடலாமா என்று ஷெர்வின் கேட்டான். குரலில் முதல் தடவையாக உயிர் வந்திருந்தது. உடனே அவனே பயந்துபோய்ச் சொன்னான்: நர்சிங் ஹோமில் யாராவது அந்த ஃபைலைத் திறந்து ஒரு தடவை சேவ் செய்தால் போதும், லைப்ரரி சீட்டுகளை ஒழுங்காக அடுக்கிவிடும். கைபட்ட தடயமே இருக்காது. தன்னிடம் இருக்கும் பிரதியை, இவனே திருத்தியது என்று சொல்லிவிடுவார்கள். செத்தவரின் ஃபைலை இதுவரை யாரும் தொடாததால்தான் அது பிழைத்திருக்கிறது.

பஷீரா கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார். அங்கே மஞ்சளாகிப்போன ஒரு அட்டை குண்டூசியில் தொங்கியது. சாஃப்ட்வேர் எழுத ஷெர்வின் மாதிரிக்கு வாங்கி வந்த, அந்த நர்சிங் ஹோமின் பழைய அட்மிஷன் கார்டு. முதல் கட்டம்: ரத்த வகை. பிறகு பெயர், வயது, ஆணா பெண்ணா, வார்டு. கடைசியில் ஒவ்வாமை.

வாத்தியாரின் வரியும் அதே வரிசைதான்.

கிட்டுவுக்கு அந்தக் கார்டின் கதை தெரியும். ரெப் வேலையில் கேட்டது. தட்சிணாமூர்த்தி இளவயதில், ரத்த வகை தெரியாமல் ஒரு விபத்துக் கேஸைக் கண்ணெதிரே பறிகொடுத்தாராம். அதிலிருந்து எந்தக் காகிதமானாலும் ரத்தம்தான் முதலில். ஷெர்வினின் திரையிலோ பெயர்தான் முதல் கட்டம். கார்டு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதிருக்கும் நர்ஸுகள் எல்லோரும் அதற்கப்புறம் வந்தவர்கள், கார்டையே பார்த்திராதவர்கள்.

"கார்டு காலத்து ஆளுங்க யார் யார் பாக்கி?" என்று கேட்டார் பஷீரா.

"ரெண்டே பேர்தான் மேடம். டாக்டர். அப்புறம் அருள்மேரி அக்கா. இருபத்திரண்டு வருஷமா அவங்கதான் கார்டு எழுதினாங்க."

ஞாபகமில்லை என்று சொன்ன அருள்மேரி. கிட்டு பைக் சாவியை எடுத்துவிட்டான். படியிறங்கும் முன் பஷீரா திரும்பினார். மீதி ஃபைல்களிலும் இப்படி வரிசை கெட்டது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். லைப்ரரியை வைத்துப் பார்க்காதே, வெறும் எழுத்தாக ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் பார் என்றார். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல் இருக்கிறது என்றான் ஷெர்வின்.

"டெஸ்ட் பண்ணத் தெரிஞ்சவனுக்கு நாலாயிரம் பெரிசா?" என்றார் பஷீரா.

தண்டவாளத்தைத் தாண்டி, கிழக்குத் தாம்பரம் நெரிசலில் ஊர்ந்து, கேம்ப் ரோடு கடந்து, செம்பாக்கத்தில் அருள்மேரியின் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மூன்றரை. வானம் மூடிக்கொண்டு வந்தது. ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசினாலும் புழுக்கம் குறையவில்லை. வழியெல்லாம் கிட்டு ஒரு கதை கட்டிக்கொண்டே வந்தான். அன்று டைப் செய்ய மறந்திருப்பாள், ஆள் செத்ததும் பயத்தில் ஃபைலைத் தொட்டிருப்பாள், கை பழைய வரிசையிலேயே ஓடியிருக்கும். "இருவத்திரண்டு வருஷப் பழக்கம்கா. மூளை பொய் சொல்லும், கை சொல்லாது," என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த பஷீரா மணியைப் பார்த்தார்.

கதவைத் திறந்தது அருள்மேரியின் அக்கா ரத்தினபாய். கையில் பிளாஸ்க். எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாள். இன்ஷூரன்ஸ் விஷயமா என்று அவளே கேட்டாள். ஆமாம் என்றான் கிட்டு.

தங்கைக்குப் பித்தப்பையில் கல். ரொம்ப நாளாக ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தது. டாக்டரே கூப்பிட்டு, இத்தனை வருஷம் உழைத்தவள், நானே செய்துவிடுகிறேன் என்றாராம். நேற்று சாயங்காலம் சேர்த்தாகிவிட்டது. நாலு மணிக்கு ஆபரேஷன்.

கிட்டு பஷீராவைப் பார்த்தான். பஷீரா பிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வாத்தியார் விஷயத்துல உங்க தங்கச்சி வீட்ல ஏதாவது சொன்னாங்களா?"

ரத்தினபாய் வாசலை எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பயந்துபோய் ஞாபகமில்லேன்னுட்டா. அன்னிலேர்ந்து தூக்கமே இல்லைங்க. அவ பெனிசிலின்னு டைப் பண்ணது அவளுக்கு நல்லாத் தெரியும். ஆபரேஷன் முடிஞ்சு எந்திரிச்சதும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிடறேன்னு முந்தாநாள் டாக்டர்கிட்டயே சொல்லிட்டா. அவரும், சொல்லு, உன் மனசு எப்படியோ அப்படின்னாராம். நல்ல மனுஷன்."

"அவ்வளவு நிச்சயமா எப்படி ஞாபகம்?"

"மறக்க முடியாதேம்மா. அவளுக்கும் அதே ஊசிதான் ஆகாது. சின்ன வயசுல ஒரு தடவை போட்டு, பொழைச்சதே பெரிய பாடு."

அதே நேரம் பஷீராவின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஷெர்வினின் மூச்சு முதலில் கேட்டது, குரல் பிறகு.

"இன்னொண்ணு இருக்கு மேடம். நாலாயிரத்துல இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் பிளட்லதான் ஆரம்பிக்குது. வாத்தியாரோட வரியையே காப்பி பண்ணிப் பேரு, வயசுன்னு சிலதை மட்டும் மாத்தின மாதிரி இருக்கு."

"பேரைச் சொல்லு."

"அருள்மேரி. அம்பத்தொண்ணு. அலர்ஜி நில்."

ரத்தினபாயின் கையிலிருந்த பிளாஸ்கின் மூடி கீழே விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை. முதல் வரியை ஆள் செத்த பிறகு எழுதினார்கள், இந்த வரியைச் சாவதற்கு முன்பே எழுதிவிட்டார்கள் என்று கிட்டுவின் மனசு தானாகக் கணக்குப் போட்டது. கார்டு காலத்து ஆட்கள் இரண்டு பேர். ஒருத்தி ஆபரேஷன் மேஜைக்குப் போகிறாள். பழி சுமக்க ஷெர்வின் துணிப்பையோடு தயாராக இருக்கிறான். சாஃப்ட்வேர் மறுபடியும் விழுங்கிவிட்டது என்றால் இந்தத் தடவை யாருமே சந்தேகப்படமாட்டார்கள்.

மணி மூன்று முப்பத்தெட்டு.

பைக்கில் உட்கார்ந்தபடியே பஷீரா துளசிங்கத்துக்குப் போன் செய்தார். கைது செய்ய ஆள் வேண்டுமென்றால் ஸ்டேஷனில் காத்திருக்காதீர்கள், ஏரிக்கரைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். கிட்டு வண்டியை விரட்டினான்.

நர்சிங் ஹோம் வாசலில் வேப்பமரமும் டெட்டால் வாடையும் எப்போதும்போல இருந்தன. பஷீரா நிற்காமல் உள்ளே போனார். கவுன்ட்டரைத் தாண்டும்போது கிட்டுவின் கால் நின்றது. டூட்டி நர்ஸ் கம்ப்யூட்டரில் அருள்மேரியின் பெயரைத் திறந்து வைத்து, ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் நேரத்தை டைப் செய்துகொண்டிருந்தாள். மூன்று ஐம்பது. விரல் சேவ் பட்டனை நோக்கிப் போனது.

கிட்டு குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். திரை கறுத்தது.

"கரண்ட் கட்டும்மா," என்றான்.

"ஃபேன் ஓடுதே சார்."

"பெரிய பெரிய ஆஸ்பத்திரில எல்லாம் தவணையிலதான் கட் பண்றாங்க. நீ கொஞ்சம் தள்ளி ஒக்காரு, தாயி."

உள்ளே தியேட்டர் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் அருள்மேரி படுத்திருந்தாள். பச்சை அங்கி, புறங்கையில் ஊசிக்குழாய், விரல்களில் ஜெபமாலை. பஷீரா அவள் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். பெனிசிலின், டாக்டருக்குத் தெரியுமே என்றாள் அருள்மேரி. மயக்க மருந்து இன்னும் ஏறவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் மருந்து ஏற்றி வைத்த சிரிஞ்ச், காலியான சின்ன பாட்டில். லேபிளைப் படிக்கக் கிட்டு குனியவே தேவையில்லை. பதினோரு வருடம் அவன் பையில் தூக்கிக்கொண்டு அலைந்த பெனிசிலினின் அதே நீலப்பட்டை. அவன் தட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பஷீரா நர்ஸின் மேஜையிலிருந்து ஒரு சிவப்பு மார்க்கரை எடுத்தார். அருள்மேரியின் கையை மெல்லத் திருப்பி, முழங்கைக்குக் கீழே பெரிய எழுத்துகளில் எழுதினார்: பெனிசிலின் கூடாது.

கதவு திறந்தது. டாக்டர் தட்சிணாமூர்த்தி வெளியே வந்தார். மாஸ்க்குக்கு மேலே சாந்தமான கண்கள். அந்தக் கண்கள் சிவப்பு எழுத்தைப் படித்தன, தட்டைத் தேடின, கிட்டுவின் கையில் அதைக் கண்டன. எங்கேயும் ஒரு நொடிக்குமேல் நிற்கவில்லை. வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பூட்ஸ் காலடிகள். துளசிங்கம் வராந்தா முனையில் வந்து நின்றார்.

பஷீரா உடனே குற்றம் சாட்டுவார் என்று கிட்டு எதிர்பார்த்தான். அவர் அதைச் செய்யவில்லை. கைப்பையிலிருந்து கோடு போடாத ஒரு வெள்ளைத்தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"நோயாளியை அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்தறோம் டாக்டர். அவங்களைப் பத்தின விவரத்தை உங்க கையால எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்கு எது முக்கியமோ அந்த வரிசையில."

மறுக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ரத்தினபாய் ஆட்டோவிலிருந்து இறங்கி மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தாள். டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். பேனாவைத் திறந்தார். பழகிய வேகத்தில் கை ஓடியது.

ஓ பாசிட்டிவ். அருள்மேரி. ஐம்பத்தொன்று. பெண். வார்டு மூன்று.

துளசிங்கத்தின் கையில் பஷீரா எதையோ கொடுத்தார். இரும்புலியூர்ச் சுவரிலிருந்து அவர் அதை எப்போது எடுத்தார் என்று கிட்டு கவனிக்கவேயில்லை. மஞ்சள் அட்டை. துளசிங்கம் அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

ஒவ்வாமையை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

இல்லை என்று எழுதினால் கண்ணெதிரே அருள்மேரியின் கையில் சிவப்பாக எழுதியிருக்கிறது. பெனிசிலின் என்று எழுதினால் தட்டில் இருக்கும் சிரிஞ்சுக்குப் பதில் சொல்ல வேண்டும். அருள்மேரி தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக அவர் சொல்லச் சொல்ல எழுதியவள்.

"இன்னும் ஒரு கட்டம் பாக்கி டாக்டர்," என்றார் பஷீரா.

தாளில், பேனா முனை நின்ற இடத்தில், மசி வட்டமாகப் பரவிக்கொண்டே இருந்தது.